மாதிரி ரயிலா, பழைய பாதையைத் தேடுவதா? தர்மபுரிப் பக்கத்து ரயில் பிரியர் எதில் தொடங்கலாம்

ரயில் மீது ஆசை வைத்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆசைக்கு ஒரு தனிக் காரணம் உண்டு: எங்கள் ஊருக்கு ரயில் வந்தது, பிறகு போய்விட்டது. 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஒரு சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. 1941-ல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பாதையை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல் வந்த இன்னொரு சின்ன ரயிலும் நிலைக்கவில்லை. கிருஷ்ணகிரி 2004-ல் தனி மாவட்டத்தின் தலைநகரானது. அந்த ஊரில் இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது.

தர்மபுரிக்கு மறுபடி ரயில் வந்தது 1960-களில்தான். சேலம் – பெங்களூரு மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகல) பாதை தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போடப்பட்டது. 1990-களில் அது இன்னும் அகலமான பிராட் கேஜ் ஆனது. ஆக, தர்மபுரி என்ற ஒரே ஊர் நூறு வருடத்துக்குள் நேரோ கேஜ், மீட்டர் கேஜ், பிராட் கேஜ் மூன்றையும் பார்த்துவிட்டது. இந்தியாவில் பெரும்பான்மை ரயில் பாதைகள் இந்த மூன்று அகலங்களில்தான் ஓடியிருக்கின்றன. மாதிரி ரயில் செய்ய நினைப்பவருக்கு இதைவிட வளமான ஊர் அமைவது அபூர்வம்.

"அண்ணா, ஒரு ட்ரெயின் செட் வாங்கலாம்னு இருக்கேன், எந்தக் கம்பெனி நல்லது?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கம்பெனி கடைசியில் முடிவு செய்ய வேண்டிய விஷயம். அதற்கு முன்னால், உங்களுக்கு ரயிலில் எது பிடித்திருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஓடுவதைப் பார்ப்பதா, கையால் செய்வதா, எஞ்சினை ஓட்டுவதா, இங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதா? நான்கும் வேறு வேறு வழிகள். செலவு வேறு, இடம் வேறு, பிடிக்க வேண்டிய பொறுமையும் வேறு.

வெளிநாட்டு எலெக்ட்ரிக் செட்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஸ்கேல் என்றால் நிஜ வண்டியை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பது. கேஜ் என்றால் தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள அகலம். உலகத்தில் அதிகம் விற்பது எச்.ஓ. ஸ்கேல்: 87 மடங்கு சுருக்கம், தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். அடுத்தது என் (N) ஸ்கேல்: 160 மடங்கு சுருக்கம், அகலம் 9 மில்லிமீட்டர். இங்கிலாந்தின் ஹார்ன்பி போன்ற கம்பெனிகள் 76 மடங்கு சுருக்கிய ஓ.ஓ. வண்டிகளை அதே 16.5 மில்லிமீட்டர் பாதையில் ஓட்டுகின்றன.

எச்.ஓ. கைக்கு அடக்கமானது. எஞ்சினைத் தூக்கிப் பார்த்தால் படிக்கட்டும் கைப்பிடியும் கண்ணுக்குத் தெரியும். பழுதானால் திருகாணியைக் கழற்றிச் சரி செய்யலாம். ஆனால் இடம் கேட்கும். மிகச் சின்ன வட்டத்தின் ஆரமே சுமார் 36 சென்டிமீட்டர். வளையம் போட மூன்றடி அகலப் பலகை வேண்டும். இந்த வளைவில் குட்டை எஞ்சினும் குட்டைப் பெட்டியும் அழகாகத் திரும்பும். சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலையில் செய்த நம்மூர் ஐ.சி.எஃப். பெட்டி, முனைகளில் இடியைத் தாங்கும் பஃபரையும் சேர்த்து 22.3 மீட்டர் நீளம், எச்.ஓ.வில் இருபத்தைந்து சென்டிமீட்டரைத் தாண்டும். பெட்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது வளைவின் ஆரம் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் புழங்கும் கணக்கு. அப்படியானால் சுமார் 77 சென்டிமீட்டர் ஆரம், ஐந்தடிக்கும் அதிகமான அகலம். சாதாரண எட்டுக்கு நாலு பிளைவுட்டில் அது அடங்காது. 2023 டிசம்பரில் கோவை – பெங்களூரு வந்தே பாரத் தர்மபுரி, ஓசூர் வழியாக ஓடத் தொடங்கியதிலிருந்து, அதையே வீட்டில் ஓட்ட வேண்டும் என்று பல பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். எட்டுப் பெட்டி வண்டி எச்.ஓ.வில் சுமார் 2.2 மீட்டர் நீளம். ஒரு சின்ன அறையில் எஞ்சின் பக்கம் வளைவுக்குள் நுழையும்போது வால் இன்னும் பின்னால் உள்ள வளைவிலேயே இருக்கும். பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

நீளமான எக்ஸ்பிரஸ்தான் வேண்டுமென்றால் என் ஸ்கேல் பக்கம் போங்கள். அதே எட்டுப் பெட்டி 1.2 மீட்டரில் முடிந்துவிடும். ஜப்பானின் கேட்டோ 1960-களிலிருந்து இந்த அளவில் வண்டிகள் செய்கிறது. அவர்களுடைய பாதைத் துண்டுகள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளும், தரையில் விரித்து ஓட்டிவிட்டு எடுத்து வைத்துவிடலாம். இரண்டடி அகலத்தில் வளையம் அமையும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு, ஓசூரில் ஒற்றை அறையில் தங்கி வேலை பார்ப்பவருக்கு, இது நல்ல வழி. ஆனால் தூசு இதற்குப் பெரிய எதிரி. சிப்காட் பக்கமோ, கல் குவாரி லாரிகள் ஓடும் சாலையோரமோ குடியிருந்தால், வாரத்துக்கு ஒருமுறை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் கம்பியைத் துடைக்காமல் வண்டி நகராது. சக்கரம் சின்னது, எடை குறைவு, அதனால் தண்டவாளக் கம்பியிலிருந்து கரண்ட் எடுக்கும் பிடிப்பும் குறைவு. எச்.ஓ. கொஞ்சம் அழுக்கைத் தாங்கும், என் ஸ்கேல் தாங்காது.

வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். அமெரிக்காவில் இருக்கும் மாமாவோ சித்தியோ ஊருக்கு வரும்போது செட் வாங்கி வந்தால், அதன் டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். நம் 230 வோல்ட் பிளக்கில் சொருகினால் புகைந்துவிடும். பெட்டிமேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, உள்ளூரில் கிடைக்கும் 12 வோல்ட் டி.சி. சப்ளையும் ஒரு வேகக் கன்ட்ரோலரும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, ஜெர்மனியின் மார்க்ளின் எச்.ஓ. வண்டிகள் நடுவில் மூன்றாவது தொடுபுள்ளி உள்ள பாதையில் ஓடுபவை. மற்றக் கம்பெனிகளின் இரண்டு கம்பி டி.சி. பாதையோடு அவை கலக்காது. ஒரு பக்கம் போனால் அந்தப் பக்கமே போக வேண்டும். மூன்றாவது சுங்க வரி. பொம்மைகள் மீதான இறக்குமதி வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் உயர்த்தினார்கள். சின்ன அளவு மாதிரிகளும் அதே தலைப்பின் கீழ்தான் வரும். வெளிநாட்டுக் கடையின் விலையைப் பார்த்து சந்தோஷப்படும் முன் அன்றைய வரி வீதத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த வழியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது பவேரியாவின் எஞ்சினோ பென்சில்வேனியாவின் எஞ்சினோதான். ஓடும்போது மனம் குளிர்கிறது, ஆனால் அது நம் வண்டி இல்லை. அதற்கு நிறம் மாற்றிப் பெயர்ப்பலகை ஒட்டினால் நம் வண்டி ஆகிவிடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நம் பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர். 87 மடங்கு சுருக்கினால் 19.3 மில்லிமீட்டர் அகலம் வர வேண்டும். கடையில் கிடைப்பது 16.5. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் வண்டி ஒல்லியான பாதையில் நிற்பது போலத் தெரியும்.

கையால் செய்வது: ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்

அதே 16.5 மில்லிமீட்டர் பாதையை வைத்துக்கொண்டு நம் பிராட் கேஜைச் சரியாகக் காட்ட ஒரு வழி இருக்கிறது. 1676-ஐ 16.5-ஆல் வகுத்தால் 101.6. ஏறக்குறைய நூறு. நூறு மடங்கு சுருக்கினால் அந்தப் பாதை நம் பிராட் கேஜுக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. நிஜத்தில் ஒரு மீட்டர், மாதிரியில் ஒரு சென்டிமீட்டர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடக்கூடிய கணக்கு.

ஐ.சி.எஃப். பெட்டி அப்படியென்றால் 22.3 சென்டிமீட்டர் நீளம், 3.2 அகலம், தண்டவாளத்திலிருந்து கூரைவரை 4 சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளின் நீளத்துக்குள் பெட்டியின் ஒரு பக்கம் முழுதும் அடங்குகிறது. நேராக எதிரில் நின்று எடுத்த படத்தைப் பார்த்து ஜன்னல்களை அளந்து வரைந்து, கெட்டித் தாளில் பிரிண்ட் எடுத்து, இரண்டு மில்லிமீட்டர் சன்போர்டில் ஒட்டி, கட்டரால் ஜன்னல்களை வெட்டி எடுக்கலாம். ஜன்னல் கம்பிக்கு ஓ.எச்.பி. ஷீட்டில் கோடு கிழித்து உள்பக்கம் ஒட்டினால் போதும். கூரை வளைவுக்கு பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் அறுத்த துண்டு. அடியில் நட்டும் வாஷரும் ஒட்டி எடை ஏற்றுங்கள். இந்த நீளப் பெட்டிக்குச் சுமார் 150 கிராம் இருந்தால் வளைவில் கவிழாமல் போகும். சக்கரம் மட்டும் கடையில் வாங்க வேண்டும்.

இதில் ஓசூருக்கு ஒரு வசதி இருக்கிறது. டைட்டன் கடிகாரம் உருவாகும் ஊர் அது. நுணுக்கமான வேலை தெரிந்த கைகளும், லேத் பட்டறைகளும், சி.என்.சி. மெஷின்களும், இப்போது லேசர் கட்டிங்கும் 3டி பிரிண்டிங்கும் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. சக்கரங்களைத் தாங்கும் போகி ஃபிரேமை ஒருமுறை வரைந்து கொடுத்துவிட்டால் பத்துப் பெட்டிக்கானதை ஒரே நாளில் வெட்டித் தருவார்கள். பெரிய ஊர்க்காரர்கள் ஆன்லைனில் தேடி ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியதை நாம் நேரில் போய் எதிரில் நின்று வாங்கலாம்.

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். செலவு சில நூறு ரூபாயில் அடங்கும். வண்டி ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அலமாரியில் வைத்தாலே நிறைவாக இருக்கும். அதைவிட முக்கியம், ஒரு பெட்டியை அளந்து செய்த பிள்ளை அடுத்த முறை பிளாட்ஃபாரத்தில் நிற்கும்போது நிஜப் பெட்டியைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். வென்டிலேட்டர் எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே, பிரேக் சிலிண்டர் எங்கே என்று கண் தானாகத் தேடும்.

பேட்டரியில் ஓடும் பிளாஸ்டிக் ரயில் பொம்மைகளைப் பற்றிக் கேட்பார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். பெரியவர்கள் அதை வைத்து மாதிரி அமைக்க முயல வேண்டாம், அளவு எதற்கும் பொருந்தாது.

ஒன்பது மில்லிமீட்டரில் மொரப்பூர் ரயில்

என் மனம் இருப்பது இங்கேதான்.

மொரப்பூர் – தர்மபுரி – ஓசூர் ரயிலின் தண்டவாள அகலம் இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர். 87 மடங்கு சுருக்கினால் 8.76 மில்லிமீட்டர். என் ஸ்கேலுக்காக உலகம் முழுக்க விற்கும் பாதை 9 மில்லிமீட்டர். வித்தியாசம் கால் மில்லிமீட்டர், எந்தக் கண்ணுக்கும் தெரியாது. பிராட் கேஜில் நமக்குக் கிடைக்காத பொருத்தம் நம் சின்ன ரயிலில் அப்படியே அமைந்துவிடுகிறது. இந்த ஜோடிக்கு எச்.ஓ.இ. என்று பெயர். ஆஸ்திரியாவில் 760 மில்லிமீட்டர் அகலத்தில் ஓடிய மலை ரயில்களுக்காக ரோக்கோ, லிலிபுட் போன்ற கம்பெனிகள் இந்த அளவில் எஞ்சின்கள் செய்கின்றன. நம் அகலத்துக்கும் அவர்கள் அகலத்துக்கும் நிஜத்திலேயே இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அடிப்பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே நம் வண்டியின் உடலை நாமே செய்து பொருத்தலாம்.

இடமும் குறைவாகவே கேட்கும். சின்ன ரயிலுக்குப் பெட்டி குட்டை, வளைவு கூர்மை, நாலுக்கு இரண்டு அடிப் பலகையிலேயே ஒரு முழு வளையம் அமையும். வண்டிக்கு மூன்று பெட்டி இருந்தால் போதும், அதுவே நிறைவான வண்டி. பிராட் கேஜில் மூன்று பெட்டியோடு ஓடும் எக்ஸ்பிரஸ் பார்க்கவே ஒட்டாது.

எந்த இடத்தைக் காட்டுவது என்பது அடுத்த கேள்வி. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு உள்ள சுமார் 18 மைலை 87 மடங்கு சுருக்கினாலும் 330 மீட்டருக்கு மேல் வரும். எந்த வீட்டிலும் முழுப் பாதையைக் கட்ட முடியாது, ஒரு துண்டைத்தான் எடுக்க வேண்டும். என் தேர்வு மொரப்பூர். மெட்ராஸ் ரயில்வே 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குத் தொடங்கிய பாதை, 1862-ல் மேற்குக் கடற்கரை பேப்பூரைத் தொட்டது. மொரப்பூர் அந்தப் பெரிய பாதையின்மேல் இருக்கும் நிலையம். ஒரு பக்கம் பிராட் கேஜ், மறுபக்கம் இரண்டரை அடிப் பாதை. ஒன்றின் பாதையில் மற்றதன் வண்டி போக முடியாது. சரக்கு எதுவாக இருந்தாலும் அங்கே இறக்கி, ஆள் சுமந்து, அடுத்த வண்டியில் ஏற்றியாக வேண்டும். ஒரு மாதிரி அமைப்பில் மனிதர்களுக்கு வேலை இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். அகலம் மாறும் நிலையம்போல் அதற்கு வேறு இடம் கிடையாது: மூட்டை, கைவண்டி, எடைத் தராசு, காத்திருக்கும் மாட்டு வண்டி, புளிய மரத்து நிழலில் உட்கார்ந்திருக்கும் சுமைக்காரர்கள். இந்தக் கையேற்றிச் சுமக்கும் வேலையும் செலவும்தான் இரண்டு அகலங்கள் சந்தித்த எல்லா இடங்களிலும் சின்ன ரயில்களை அழுத்திய பாரம். அதைக் காட்டும் மாதிரி, ஒரு ரயில் ஏன் பிழைக்கவில்லை என்பதற்கான காரணத்தையும் சேர்த்துக் காட்டும்.

நிலத்துக்கு வேண்டிய பொருள் எல்லாம் நம் காலடியிலேயே கிடக்கிறது. ஜல்லிக்கு வெளிநாட்டிலிருந்து பாக்கெட் வரவழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரஷர் டஸ்ட் லாரி லாரியாகப் போகிறது. ஒரு பை எடுத்து வந்து, முதலில் தண்ணீரில் அலசி மாவுத் தூசை ஓட விட்டு, வெயிலில் காய வையுங்கள். பிறகு மாவுச் சல்லடையில் சலித்துப் பெரிய துகளைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை டீ வடிகட்டியில் சலித்தால் மேலே நிற்பது எச்.ஓ.வுக்கான ஜல்லி. கீழே விழுந்தது நடைமேடைத் தரைக்கு ஆகும். இதற்குப் பிறகு ஒரு வேலையைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும்: பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அந்தக் குவியல்மேல் மெதுவாக நாலு முறை இழுங்கள். நம் கறுப்புக் கல்லில் காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தாது கலந்திருக்கிறது, உறையின் அடியில் கறுப்பு மீசை போல ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுக்காமல் விட்டால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் அதை உள்ளே இழுத்து, கியரை அரித்துவிடும். எடுத்த பிறகு ஜல்லியைப் பாதையில் தூவி, பிரஷ்ஷால் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே தள்ளி, தண்ணீர் தெளித்து, ஃபெவிகாலைச் சம அளவு தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் சேர்த்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை உருண்டு நிற்கும், கீழே இறங்காது. மறுநாள் காலையில் கல்லாக இறுகியிருக்கும்.

செம்மண்ணையும் இதே முறையில் சலித்துப் போடலாம். வாணலியில் லேசாக வறுத்துவிட்டால் பூச்சி, பூஞ்சை வராது. பலகைக்கு மட்டும் மலிவுப் பலகை எடுக்காதீர்கள். இங்குள்ள வெயிலுக்கும் மழைக்கும் அது நெளியும், கரையானும் ஏறும். கரையான் தாங்கும் பிளைவுட் எடுத்து, தண்டவாள இணைப்புகளில் தாள் கனத்துக்கு இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் கம்பி நீளும்.

மீட்டர் கேஜ் மீது பாசம் உள்ளவர்கள், முக்கியமாக எண்பதுகளில் தர்மபுரி ஸ்டேஷனில் வண்டி ஏறியவர்கள், 87 மடங்கில் 12 மில்லிமீட்டர் பாதையை எடுத்துக்கொள்ளலாம். கணக்குப்படி வர வேண்டியது 11.5, பொருத்தம் மோசமில்லை. சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காக பெமோ என்ற கம்பெனி அந்த அகலத்தில் செய்கிறது. விலை அதிகம், நம் எஞ்சின்களுக்குப் பக்கத்தில் வரக்கூடிய உருவமும் குறைவு. ஆசை அழுத்தமாக இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

திரையில் ஓட்டுவது, நேரில் பார்ப்பது

எஞ்சினை ஓட்டும் அனுபவம்தான் வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் போதும். ஓப்பன் ரெயில்ஸ் இலவசம், 2001-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டருக்காக நம்மவர்கள் செய்த இந்திய வண்டிகள் பலவும் அதில் ஓடும். போனில் இந்தியன் ட்ரெயின் சிமுலேட்டர் இருக்கிறது. பிரேக் போட்டு நிலையத்தில் சரியான இடத்தில் நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. செலவும் கிடையாது, இடமும் வேண்டாம். ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்பதால் என்னை அது அதிகம் இழுக்கவில்லை.

நேரில் பார்ப்பதற்குத் தர்மபுரி நல்ல இடம். தொப்பூர், முத்தம்பட்டி, சிவாடி என்று மலைச்சரிவில் ஏறும் பாதையில் கூட்ஸ் வண்டிகள் மூச்சு வாங்க ஏறுவதைக் கேட்கலாம். பத்து ரூபாய் பிளாட்ஃபாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிலையத்திலிருந்து பாருங்கள். பாதைமேல் நடக்க வேண்டாம். ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு, அதற்கு மேல் உயிர் பெரிது. வருடத்தில் ஒருமுறை குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் போய் நீலகிரி ரயிலில் ஏறுங்கள். பன்னிரண்டுக்கு ஒன்று ஏற்றத்தில் பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு எக்ஸ் வகை எஞ்சின் ஏறுவதைப் பார்த்த பிறகு நீராவி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்காது. சென்னை போனால் பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு பகல் செலவழிக்கலாம். மாதிரி அமைப்புகளே பார்க்க வேண்டுமென்றால் புனேயில் ஜோஷி அருங்காட்சியகம் இருக்கிறது.

இங்கே என்ன நடந்தது என்று தேடுவது

மற்ற வழிகளை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். இதைத் தள்ளிப்போட முடியாது. 1941-ல் ஓடி நின்ற ரயிலில் சிறுவனாகப் போனவருக்கு இப்போது தொண்ணூறு வயது இருக்கும். பாலக்கோட்டிலோ ராயக்கோட்டையிலோ அப்படி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், எஞ்சின் வாங்கப் பணம் சேர்ப்பதற்கு முன் அவரிடம் போய் உட்காருங்கள். "தாத்தா, டிக்கெட் எங்கே வாங்குனீங்க? வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிக்கும்? தண்ணி எங்கே புடிப்பாங்க?" என்று கேளுங்கள். வருடம் கேட்காதீர்கள், இடம் கேளுங்கள். வருடம் மறந்துபோகும், இடம் மறக்காது. அவர் கை நீட்டிக் காட்டும் திசை உங்கள் மாதிரியில் நிலையத்தின் முகப்பு எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிக்கும்.

காகிதங்கள் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. அதனால் தர்மபுரி என்று தேடினால் கிடைக்காதது சேலம் என்று தேடினால் கிடைக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மெட்ராஸ் அரசின் பழைய ஆணைகள் இருக்கின்றன. 1918-ல் வெளியான சேலம் மாவட்ட கெசட்டியரும் (மாவட்ட விவர நூல்) ஒரு நல்ல தொடக்கம். 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு, 1880-ல் பஞ்சக் கமிஷன் தானியம் கொண்டுபோக ரயில் பாதைகள் வேண்டும் என்று வலியுறுத்தியது. வறண்ட மாவட்டங்களில் போட்ட பல சின்னப் பாதைகளுக்குப் பின்னால் இருந்தது அந்த நினைப்புதான். லாபத்துக்கென்று பிறக்காத ரயில் அது என்று தெரிந்த பிறகு, மூன்று பெட்டியோடு ஊர்ந்த அந்த வண்டியைப் பார்க்கும் மரியாதை கூடுகிறது. நிர்வாகமும் கை மாறிக்கொண்டே இருந்தது: 1908-ல் மெட்ராஸ் ரயில்வேயின் இந்தப் பக்கத்துப் பாதைகள் தென்னிந்திய ரயில்வேக்குப் போயின. அதனால் கோப்புகளை இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.

வரைபடத்துக்கு சர்வே ஆஃப் இந்தியாவின் 57 எல், 57 எச் தாள்களைப் பாருங்கள். முன்னதில் மொரப்பூர், தர்மபுரி, கிருஷ்ணகிரி. பின்னதில் ஓசூர். போருக்கு முந்தைய பதிப்பு கிடைத்தால் பாதை கோடாகவே இருக்கும். அதை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். மாட்டு வண்டிப் பாதை சட்டென்று திரும்பும், ரயில் பாதை நீண்டு மெதுவாக வளையும். வயல் வரப்புகளுக்கு நடுவே அப்படி ஒரு வளைவு தெரிந்தால் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் எஃப்.எம்.பி. (புல அளவு) வரைபடமும் நில விவரம் எழுதியிருக்கும் அ பதிவேடும் கேட்டுப் பாருங்கள். பழைய ரயில் நிலம் ஒடுக்கமான தனி சர்வே எண்களாகப் பிரிந்து கிடக்கலாம். நேரில் போகும்போது நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். அளக்க வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டால் பேச்சே வளராது. மொரப்பூர் – தர்மபுரி புதிய பிராட் கேஜ் பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டியதிலிருந்து நிலம் எடுப்பது பற்றிய கவலை மக்களிடம் இருக்கிறது, அது நியாயமானதும்கூட.

இதற்கான செலவு பஸ் கட்டணமும் ஜெராக்ஸ் காசும். பொறுமைதான் நிறைய வேண்டும். மாதக்கணக்கில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

என் முடிவு

சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் நூறு மடங்கு சுருக்கிய அட்டை ரயில் பெட்டியில் தொடங்குங்கள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு நீளமான வண்டி ஓடுவதைப் பார்க்க ஆசைப்படுபவர் என் ஸ்கேல் வாங்கலாம். பெரிய ஹாலும் கையில் பணமும் உள்ளவர் எச்.ஓ. செட் வாங்கினால் தவறில்லை. மற்ற எல்லோருக்கும் நான் சொல்வது: இந்த வருடம் சரித்திரம், அடுத்த வருடம் ஒன்பது மில்லிமீட்டர் பாதை. இரண்டையும் தனித்தனிப் பொழுதுபோக்காக நினைக்க வேண்டாம். தாத்தா காட்டிய திசையும் 57 எல் தாளில் உள்ள வளைவும் சேர்ந்துதான் அந்தப் பலகையின் வரைபடம். அகலப் பாதையில் நீராவி 1995-ல் ஓய்ந்த பிறகும் ரயில் மீதான ஆசை ஓயாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு பாதையும் இரண்டு ஊர்களுக்கு நடுவே நடந்த ஒன்றைச் சொல்வதுதான் என்று நான் நம்புகிறேன். நமக்குச் சொல்ல ஒரு பாதை இருக்கும்போது இன்னொரு நாட்டின் பாதையைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஒரு எட்டுக்கு நாலு பிளைவுட்டை நாலாக அறுத்தால் நாலுக்கு இரண்டு அளவில் நாலு பலகை வரும். நாலு நண்பர்கள் சேர்ந்தால் ஆளுக்கு ஒன்று: ஒருவர் மொரப்பூர், ஒருவர் தர்மபுரி, ஒருவர் ஓசூர், ஒருவர் நடுவில் உள்ள மலைச்சரிவு. நீளவாட்டில் நேராக ஓடும் பாதையாகவே திட்டமிடுங்கள், சேர்த்து வைத்தால் பதினாறு அடி. அறுப்பதற்கு முன் மூன்று அளவுகளைத் தாளில் எழுதி நாலு பேரும் வைத்துக்கொள்ள வேண்டும்: தரையிலிருந்து தண்டவாளத்தின் உயரம், பலகையின் முன் விளிம்பிலிருந்து பாதை எத்தனை சென்டிமீட்டர் தள்ளி வெளியேறுகிறது, போல்ட் துளை எங்கே. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் மற்றதெல்லாம் அவரவர் விருப்பம்.